வூகாமர்ஸில் ஸ்கிரிப்ட் மூலம் சரக்கு ஏற்றுவது: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

திருப்பூரில் குழந்தைகள் பனியன் துணி விற்கும் ஒரு கடையின் இணையதளத்தை மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ், அதன் மேல் இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ். மாடல் என்னவோ 60தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்து சைஸ், ஆறு கலர். மொத்தம் 1,800 வேரியேஷன் (ஒரு சைஸும் ஒரு கலரும் சேர்ந்தால் ஒரு வேரியேஷன்). கையால் ஏற்ற ஆரம்பித்து நான்காவது மாடலிலேயே அலுத்துப்போய் பைத்தான் நிரல்மொழிக்கு வந்தேன்.

ஸ்கிரிப்ட் எழுதுவது சுலபம். ரெஸ்ட் ஏபிஐயில் (ஸ்கிரிப்ட் தளத்தோடு பேசும் வழி) முதலில் தாய்ப் பொருளை, அதாவது மாடலை, ‘வேரியபிள்’ வகையில் உருவாக்கி, சைஸையும் கலரையும் வேரியேஷனுக்கான பண்புகள் என்று குறிக்க வேண்டும். அது தரும் ஐடியின் கீழ் வேரியேஷன்களைத் தனியாக அனுப்ப வேண்டும். பேட்ச் ஒன்றில், அதாவது ஒரே கோரிக்கையில், 100 வரை போகும். எங்களுக்கு மாடலுக்கு 30தான், ஒரே தடவையில் முடிந்தது. ஒரே சாயங்காலத்தில் கடை முழுக்க ஏறிவிட்டது.

அடுத்த வாரம் விலை மாறியது. அதே ஸ்கிரிப்டைத் திரும்ப ஓட்டினேன். எல்லாக் கோரிக்கைக்கும் வெற்றி என்றே பதில் வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் தளத்தில் 120 மாடல். புதிதாக வந்த 60லும் ‘ஸ்டாக் இல்லை’.

நடந்தது இதுதான். வேரியேஷன்களுக்கு எஸ்கேயூ (ஒவ்வொரு சரக்குக்குமான தனி அடையாளக் குறி) கொடுத்திருந்த நான் தாய்ப் பொருளுக்குக் கொடுக்கவில்லை. அதனால் தாய்ப் பொருள்கள் எந்தத் தடையும் இல்லாமல் இரண்டாவது முறையும் உருவாகிவிட்டன. வேரியேஷன்கள் மட்டும் ‘இந்த எஸ்கேயூ ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுக்கப்பட்டன. ஆனால் பேட்ச் கோரிக்கை முழுதாகத் தோற்பதில்லை. மேலே 200 (‘வெற்றி’ என்பதற்கான குறியீடு) சொல்லிவிட்டு, பிழையை அந்தந்த வரிக்குள் வைத்திருக்கும். உள்ளே பிரித்துப் பார்க்காதது என் தப்பு. இப்போது தாய்க்கும் எஸ்கேயூ உண்டு. முதலில் தேடு, இருந்தால் திருத்து, இல்லையென்றால்தான் உருவாக்கு.

படத்திலும் இதே கதை. ஒவ்வொரு முறையும் படத்தின் முகவரியை அனுப்பினால், அது திரும்ப இறக்கப்பட்டு மீடியா லைப்ரரியில் இன்னொரு பிரதி சேரும். ஏற்கெனவே ஏறிய படத்துக்கு ஐடியை மட்டும் அனுப்பினால் போதும்.

இன்னொரு கூத்து. சரக்குப் பட்டியலை எக்செலில் வைத்திருந்தோம். சைஸ் ‘5-6’ என்று அடித்ததை அது தேதியாக எடுத்துக்கொண்டது. நான் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. முதலாளி போன் செய்தார்: “ஏனுங்க தம்பி, அஞ்சு ஜூன் சைஸுன்னா எந்த வயசுப் புள்ளைக்குங்க?”

பணத்தில் அடித்தது ஸ்டாக்தான். நாம் அனுப்பும் எண்ணை வூகாமர்ஸ் இருப்போடு கூட்டுவதோ கழிப்பதோ இல்லை, அதன் மேலேயே எழுதிவிடும். கடையின் பில்லிங் கணக்கு இரவில் ஏறும். அன்று சாயங்காலம் தளத்தில் வந்த ஆர்டர்களுக்கு மறுநாள் காலையில்தான் பில் போடுவார்கள். இடையில் இருந்த ஒரே ஒரு நேவி ப்ளூ பீஸை இரண்டு பேருக்கு விற்று, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு ஸ்டாக்குக்குத் தனி ஸ்கிரிப்ட்: கடைக் கணக்கிலிருந்து பில் போடாத ஆர்டர்களைக் கழித்துவிட்டுத்தான் அனுப்பும். பட்டியல் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கமே போகாது.

விவரணையையும் இப்போது அது தொடுவதில்லை. ஆரம்பத்தில் 60 மாடலுக்கும் ‘மென்மையான பருத்தி’ என்று ஒரே வரியை ஒட்டியிருந்தேன். பேக்கிங் பார்க்கும் அக்கா, தோள்பட்டையில் பட்டன் இருப்பதால் தலை மாட்டாது, துவைத்தால் இந்தச் சிவப்பு கொஞ்சம் போகும் என்றெல்லாம் மாடல் மாடலாக மாற்றி எழுதினார். ஒருமுறை ஸ்கிரிப்டை ஓட்டி அத்தனையையும் அழித்துவிட்டேன். நல்லவேளை, முந்தைய நாள் பேக்கப் இருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.