றஃப் கொப்பியா, சீ.ஆர். கொப்பியா? நிரல் கிறுக்கும் கருவிகளிடம் நாங்கள் கேட்பவை

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு இரண்டு கொப்பி வைத்திருப்போம். ஒன்று றஃப் கொப்பி. கூட்டிக் கழித்துப் பார்க்க, பிழைத்தால் வெட்டிவிட்டு அடுத்த பக்கம் போக. மற்றது சீ.ஆர். கொப்பி, தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்து ரீச்சரிடம் கையெழுத்து வாங்குகிற கொப்பி. நிரல் எழுதுகிற எங்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்டால் மற்றதைத் தருகிற கருவிகள்தான் கூட இருக்கின்றன, எது எதற்கு என்று தெரியாமல் எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு அறையில் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்துப் பைதன் என்ற நிரல் மொழி படிக்கிற பிள்ளைகள், அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிற இரண்டு மூன்று பேர், வீட்டிலிருந்தே கொழும்புக் கொம்பனிக்கு டொட்நெட் (மைக்ரோசொஃப்டின் நிரல் தளம்) வேலை செய்கிற ஒரு தங்கச்சி, புதுக்குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு தம்பி. போன மாதம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: சின்னதாக ஒரு நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கிற கருவியில் உங்களுக்கு என்ன வேண்டும்? பாதி எழுதும்போதே மீதியை நிரப்பித் தரவேண்டும் என்பார்கள் என்றுதான் நினைத்தேன். தம்பி முதல் வாயிலேயே சொன்னான், "அண்ணை, கரண்ட் போனாலும் எழுதினது இருக்கவேணும்." அடுத்து தங்கச்சி, "திறந்த உடனே எழுதவேணும், பைலுக்குப் பெயர் என்ன, எங்க வைக்கிறது எண்டு கேட்கக் கூடாது." அப்புறம் டேட்டா இல்லாமல் ஓடவேண்டும், தமிழ் ஒழுங்காகத் தெரியவேண்டும் என்று வரிசை நீண்டது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவித்த நாட்டில் முதல் கோரிக்கை அதுவாக இருந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, நான்தான் முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும்.

கரண்டை வைத்தே தொடங்கலாம். ஜூப்பிட்டர் நோட்புக்கும் லிங்க்பேட்டும்தான் எங்கள் அறையில் எதிரெதிரே நிற்கிறவை. ஜூப்பிட்டரில் நிரலைக் கட்டம் கட்டமாக எழுதித் தனித்தனியாக ஓட்டலாம், ஓட்டியது நினைவகத்தில் தங்கியிருக்கும். அது 2014இல் ஐபைதன் என்ற கருவியிலிருந்து பிரிந்து வந்தது, ஜூலியா, பைதன், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். லிங்க்பேட் ஜோசப் அல்பஹாரி எழுதியது, சீ ஷார்ப் என்ற டொட்நெட் மொழியில் எழுதுகிறவர்களுக்கானது, நெடுங்காலம் விண்டோஸில் மட்டுமே ஓடியது. எழுதியதைக் காப்பாற்றுவதில் இரண்டுமே மோசமில்லை. ஜூப்பிட்டர் சும்மா விட்டாலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சேமித்துக்கொள்ளும். லிங்க்பேட் பெயர் வைக்காத கிறுக்கலையும் நினைவில் வைத்திருந்து அடுத்த முறை திறக்கும்போது அப்படியே கொண்டுவந்து வைக்கும். அப்படியானால் கோரிக்கை நிறைவேறிவிட்டதே என்றுதான் நானும் நினைத்தேன். தம்பிக்கு நடந்ததைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

தம்பி ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கவேண்டும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் ஆண்டு, அடுத்த மூன்று எண் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு எண்ணாக இருக்கும், மற்றபடி நாள் கணக்கு அதேதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள். ஆகவே 1995 மார்ச் 1 பிறந்த பெண்ணின் இலக்கம் 95561 என்று தொடங்கும், அதாவது 61ஆம் நாள். ஆனால் பைதனிடம் 1995இன் 61ஆம் நாள் எது என்று கேட்டால் மார்ச் 2 என்று சொல்லும், அது சாதாரண ஆண்டு என்று பைதனுக்குத் தெரியும் அல்லவா. தம்பி இதைக் கண்டுபிடித்து, ஜூப்பிட்டரில் கீழே ஒரு கட்டத்தில் அதே பெயரில் திருத்திய செயற்கூறை (ஒரு வேலையைச் செய்ய பெயர் வைத்து எழுதுகிற நிரல் துண்டை) எழுதி ஓட்டினான். திகதிகள் சரியாக வந்தன. பிறகு அந்தக் கட்டத்தைச் சோதனைக்கு எழுதியது என்று நினைத்து அழித்துவிட்டான். திரையில்தான் அது அழிந்தது, நினைவகத்தில் திருத்தியது அப்படியே இருந்து சரியான விடையையே தந்துகொண்டிருந்தது. பின்னேரம் கரண்ட் போனது. லப்டொப்பின் பற்றரியும் பழசு, உடனே அணைந்துவிட்டது. திரும்பத் திறந்து எல்லாக் கட்டத்தையும் மேலிருந்து ஓட்டியபோது ஓடியது மேலே இருந்த பழைய செயற்கூறு. பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்களில் லீப் ஆண்டுக்காரரைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஒரு நாள் பிந்திய திகதி. எழுத்து ஒன்றும் காணாமல் போகவில்லை, ஆனால் விடை மாறிவிட்டது, ஏன் மாறியது என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு முழு இரவு போனது.

லிங்க்பேட்டில் இது நடக்கவே நடக்காது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது முதல் வரியிலிருந்து ஓடும். திரையில் இருப்பதுதான் ஓடுகிறது, அழித்தது அழிந்ததுதான். பைதன் பக்கத்தில் தொன்னி, ஐடில் என்ற எழுதி ஓட்டுகிற கருவிகளும் இதே மாதிரி, ஓட்டு என்றதும் பழைய நினைவைக் கழுவிவிட்டுத் தொடங்கும். எனக்கு றஃப் கொப்பி என்றால் இதுதான். கிறுக்கல் கண்முன்னே இருக்கிறது, விடை அதிலிருந்துதான் வருகிறது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத எதுவும் இல்லை.

ஆனால் அறிவியல் நகர்ப் பிள்ளை ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குளத்து நீர்மட்டம், மழைவீழ்ச்சி என்று பல ஆண்டுத் தரவை வைத்து வேலை செய்கிறவர். பெரிய கோப்பை வாசிக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் போகும், ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து என்றால் படம் ஒன்றின் நிறத்தை மாற்றிப் பார்க்கவும் ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். ஜூப்பிட்டரில் ஒரு தடவை வாசித்து வைத்தால் போதும், இரணைமடு வான்கதவு திறந்த நாட்களை மட்டும் பிரித்துப் பார்ப்பதோ காலபோகத்தையும் சிறுபோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் கீறுவதோ உடனுக்குடன் நடக்கும். விளக்கம், படம், அட்டவணை எல்லாம் ஒரே இடத்தில் வாத்தியாரிடம் கொடுக்கிற மாதிரி வரும். அதாவது நல்ல சீ.ஆர். கொப்பி.

சரி, இரண்டுக்கும் நடுவில் வழி இல்லையா? இருக்கிறது, இந்தக் கோரிக்கையைத்தான் நான் எல்லாக் கருவிக்காரரிடமும் கேட்பேன்: முழுவதும் முதலிலிருந்தே ஓடட்டும், நான் காட்டுகிற அந்த ஒரு பாரமான வரியை மட்டும் பிடித்து வைத்துக்கொள். லிங்க்பேட்டில் இதற்கு யூட்டில் கேஷ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு விடையை அடுத்த ஓட்டத்துக்கும் வைத்திருக்கும், எது தங்கியிருக்கிறது என்று நிரலிலேயே எழுதியிருப்பதால் ஏமாற வழியில்லை. பைதனில் மாரிமோ என்ற புதிய நோட்புக் வேறு பக்கமாக வருகிறது. ஒரு கட்டத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கிற மற்றக் கட்டங்களும் தானாக ஓடும், கட்டத்தை அழித்தால் அதில் பிறந்த மாறிகளும் (பெயர் வைத்த பெறுமதிகளும்) நினைவகத்திலிருந்து போய்விடும். ஒரே பெயரை இரண்டு கட்டத்தில் வைக்கவும் விடாது. தம்பி அன்றைக்கு இதில் எழுதியிருந்தால் இரண்டாவது செயற்கூறை எழுதிய உடனேயே பிழை காட்டியிருக்கும். கோப்பும் சாதாரணப் பைதன் கோப்பாகவே இருக்கும், ஜூப்பிட்டர் போல எல்லாவற்றையும் ஜேசன் என்ற தரவு வடிவப் பொட்டலமாகக் கட்டி வைக்காது, ஆகவே மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் என்ற கருவியில் போட்டால் எந்த வரி மாறியது என்று வாசிக்கலாம்.

பெயர் கேட்கிற விசயம் சின்னதாகத் தெரியும், ஆனால் கிறுக்குகிற கையை நிறுத்துவது அதுதான். ஐடிலில் புதிய கோப்பில் இரண்டு வரி எழுதி ஓட்டப் போனால் முதலில் சேமி என்று நிற்கும். அதனால் எங்கள் பிள்ளைகளின் டெஸ்க்டொப் முழுவதும் "ஆஆ", "ஆஆ1", "புதிசு3" என்று கோப்புகள். லிங்க்பேட் கேட்பதில்லை. விஎஸ் கோடும் நோட்பேட்++உம் பெயரில்லாக் கிறுக்கலை மூடித் திறந்தாலும் வைத்திருக்கின்றன. பைதன் 3.13இல், 2024 ஒக்ரோபரில், கட்டளைத் திரையிலேயே பல வரிகளைத் திரும்ப எடுத்துத் திருத்துகிற வசதி வந்தது, ஐந்து வரிக் கிறுக்கலுக்கு இப்போது அதுவே போதும். ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு உலாவிக்குள்ளேயே நிரல் எழுதி ஓட்டுகிற கொன்சோல் இருக்கிறது, நிறுவவே தேவையில்லை என்பதால் எந்தக் கடைக் கணினியிலும் உட்காரலாம். ஒரே பயம், முடிவில்லாத சுற்று ஒன்றை எழுதிவிட்டால் அந்தத் தாவலே உறைந்துவிடும். லிங்க்பேட்டில் நிரல் தனிச் செயலாக ஓடுவதால் நிறுத்து பொத்தானை அமத்தினால் போதும், எழுதுகிற பக்கம் அப்படியே இருக்கும். பயர்பாக்ஸில் முன்பு ஸ்கிராட்ச்பேட் என்றே தனியாக ஒரு சாளரம் இருந்தது. 2020இல் 72ஆம் பதிப்போடு அதை எடுத்துவிட்டு, கொன்சோலிலேயே பல வரி எழுதலாம் என்றார்கள். வேலை நடக்கிறது, ஆனால் சேமித்து வைத்த கிறுக்கல்களோடு தனியாக ஒரு மேசை இருப்பது வேறு. எனக்கு அது போனதில் இன்றைக்கும் மனவருத்தம்தான்.

டேட்டா இல்லாமல் ஓடவேண்டும் என்றால், இணையம் வழியாகக் கூகிளின் கணினியில் ஓடுகிற நோட்புக்கான கூகிள் கோலாப் முதல் சுற்றிலேயே வெளியே. வசதி அருமை, ஒன்றும் நிறுவவேண்டாம், பெரிய கணினியின் பலம் கைக்கு வரும். ஆனால் சிக்னல் ஒரு கோடு காட்டுகிற இடத்தில் இருந்து அதை நம்பி வகுப்பு எடுக்க முடியாது, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இணைப்பை அறுத்துவிடும், ஏற்றிய கோப்பும் அதோடு போகும். நாங்கள் தேவையான பைதன் பொதிகளை ரவுணில் ஒரு தடவை இறக்கிப் பென்ட்ரைவில் வைத்திருக்கிறோம், பொதிகளை நிறுவுகிற பிப் என்ற கருவி அந்தக் கோப்புறையிலிருந்தே இணையம் இல்லாமல் நிறுவும். எல்லா லப்டொப்பிலும் ஒரே பைதன் பதிப்பு இருக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது, பதிப்பு மாறினால் இறக்கிய பொதி பல நேரம் ஒத்துவராது.

நிரப்பித் தருகிற வசதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிங்க்பேட்டின் இலவசப் பதிப்பில் அது இல்லை, காசு கட்டவேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்கிற தங்கச்சிக்கு அந்தக் காசு பெறுமதியானது, தரவுத்தளத்தின் அட்டவணைப் பெயரெல்லாம் புள்ளி வைத்ததும் வந்து நிற்கும். உயர்தரப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பேன். பரீட்சை மண்டபத்தில் பேனாவால் எழுதப்போகிறவர் கையால் எழுதிப் பழகவேண்டும். அந்தப் பிள்ளைக்கு தொன்னிதான். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்த கருவி, பைதனையும் தன்னோடு கொண்டுவருகிறது, ஒரு கோவையை (நிரலில் எழுதிய கணக்கை) எப்படி ஒவ்வொரு துண்டாகக் கணித்து விடைக்கு வருகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறது. மாறியின் பெறுமதி பக்கத்துச் சாளரத்தில் மாறுவதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஃபோர் சுற்று விளங்கியது.

கடைசிக் கோரிக்கை தமிழ். இதில் எந்தக் கருவியும் எனக்குத் திருப்தி தரவில்லை. தமிழ் என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதனைக் கேட்டாலும் ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டாலும் சீ ஷார்ப்பைக் கேட்டாலும் 5 என்றுதான் வரும், எங்கள் கண்ணுக்கு மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு உள்ளே இருக்கிறது, யூடிஎஃப் 8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் தனியே தொங்க, பின்னால் ழிமத என்று வரும். உலாவியில் ஓடுகிற ஜூப்பிட்டரும் மாரிமோவும் தமிழை அழகாகக் காட்டும், விண்டோஸின் பழைய கறுப்புத் திரை குறிகளை உடைத்துக் காட்டும். அழகாகக் காட்டுவது மட்டும் போதாது என்பது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த அறிக்கைகளை யூனிகோடுக்கு மாற்றப் போனபோது தெரிந்தது. பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிப்போம், யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். மாற்றும்போது இடம் மாறிவிட்டதா என்று திரையைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொ என்பதில் ககரத்தோடு வருகிற ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் வைக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒரு விதமாகத் தேடினால் மற்ற விதமாக வைத்தது கிடைக்காமல் போகலாம்.

இப்போது எங்கள் நாலு லப்டொப்பிலும் தொன்னி இருக்கிறது, தரவு வேலை செய்கிறவருக்கு மாரிமோ, பழைய நோட்புக்குகளைத் திறக்க ஜூப்பிட்டர், தங்கச்சியிடம் அவளுடைய லிங்க்பேட். இந்த நாலு கருவிக்காரருக்கும் ஒரே கோரிக்கையை எழுதி அனுப்பப்போகிறோம்: விடையில் ஒரு தமிழ்ச் சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் அதன் கீழே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று உள்ளே இருப்பதை வரிசையாகக் காட்டு. படம் கீறி விளக்கம் எழுதுகிற வேலையைத் தம்பி எடுத்திருக்கிறான்.