திசு வாழை வாங்கினால் பையைக் கிழித்து வேரைப் பாருங்கள்

போன வருடம் ஆனியில் எங்கள் சின்னமனூர்த் தோட்டத்துக்கு ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் 1,850 ஜி நைன் ரக வாழைக்கன்று எடுத்தேன். ஒன்றரை ஏக்கர், ஆறுக்கு ஆறு அடி. வண்டி வாடகையோடு கன்று 17 ரூபாய். பாதிப் பணம் கட்டி இரண்டு மாதம் முன்பே பதிய வேண்டும்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். புட்டிக்குள் உறைந்த கஞ்சி மாதிரி சத்துக்கூழ், அதில் கொத்துக் கொத்தாய்க் குருத்து. அதைப் பிரித்து அடுத்த புட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்த பெண், "எட்டுச் சுற்றுக்கு மேல பெருக்க மாட்டோம்ண்ணே, கன்னு குணம் மாறிடும்" என்றார். தாய்மரத்துக்கு, இலை உச்சியில் கொத்தாகி மரம் குட்டையாய் நின்றுவிடும் முடிக்கொத்து நோய் இல்லை என்ற பரிசோதனைச் சான்றும் இருந்தது. எனக்கு அதுதான் பெரிது. முன்பு வெளியில் வாங்கிய பக்கக்கன்றோடு (தாய்மரத்தின் அடியில் முளைப்பது) அந்த நோய் வந்து, நூறு மரத்துக்கு மேல் தோண்டி அழித்தவன் நான்.

குறை, புட்டிக் கன்றைப் பையில் வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்கும் நிழல்வலைக் கூடத்தில்தான். சொன்ன நாளுக்குப் பத்து நாள் தாமதம். வண்டியில் அடித்தட்டில் வந்தவை இன்னும் பதப்படாத கன்றுகள். பையைக் கிழித்ததும் மண் உதிர்ந்துவிட்டது, வேர் நாலைந்து நூல்தான். நல்ல கன்றில் வெள்ளை வேர் பையின் வடிவத்துக்கே சுற்றி மண்ணைப் பிடித்திருக்கும். அறுபது கன்று வாடியது. போனில் சண்டை போட்ட பிறகு நாற்பது மாற்றித் தந்தார்கள். மீதிக்கு இன்றுவரை பதில் இல்லை.

இளம் இலையில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் பயப்படாதீர்கள். திசுக் கன்றுக்கு அது இயல்பு, வளர வளர மறைந்துவிடும். குட்டையாய், இலை குறுகி நின்ற மாறுகன்று மொத்தமே ஏழு. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் வெட்டு. பக்கக்கன்று வைத்தால் தார் ஒன்றுபோல முற்றாமல், வெட்டு இரண்டு மூன்று மாதம் இழுக்கும். பத்துத் தாருக்கு எந்த வியாபாரி லாரி அனுப்புவார்? இந்த முறை வைகாசியில் ஆரம்பித்து 25 நாளில் தோட்டமே காலி. தார் சராசரி 27 கிலோ. சீப்பெல்லாம் ஒரே அளவில் இருந்ததால் விலையிலும் வியாபாரி கழிக்கவில்லை.

அடுத்த நடவுக்கும் அங்கேயே பதிந்துவிட்டேன். கன்று ஏற்றும்போது நானே வந்து நின்று, தட்டுக்கு இரண்டு பை கிழித்துப் பார்ப்பேன் என்று சொல்லித்தான் முன்பணம் கட்டினேன். சரி என்றிருக்கிறார்கள்.