ஹேட்ச்பேக்கில் பேஸ்: சீட்டுக்கு அடியிலா, டிக்கியிலா, கதவிலா?

பலேனோ, ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி ஒரு ஹேட்ச்பேக் இருக்கிறது. கம்பெனி கொடுத்த டச் ஸ்கிரீனை மாற்ற மனமில்லை, ஆனால் பாட்டில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை. இதைச் சொல்லிக்கொண்டு சென்னை ஜி.பி. ரோட்டில் நடந்தால் கடைக்குக் கடை வேறு பதில் வரும். ஒருவர் சீட்டுக்கு அடியில் போகும் ஆக்டிவ் சப்வூஃபரை (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) காட்டுவார். அடுத்தவர் டிக்கியில் 12 அங்குல போர்ட் பாக்ஸ் (காற்று வெளிவரக் குழாய் வைத்த பெட்டி) வைக்கச் சொல்வார். இன்னொருவர் முழுக்க மூடிய சீல்டு பாக்ஸும் தனி ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) என்பார். அதே பணத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்: முன்கதவு இரண்டுக்கும் டேம்பிங், அதாவது தகட்டின் அதிர்வை அடக்கும் ஷீட் ஒட்டுவது. என் வரிசையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதவு முதலில். பணம் மிச்சமிருந்தால் சீல்டு பாக்ஸ். டிக்கியை விட்டுத்தர முடியாதவர்களுக்கு மட்டும் சீட்டுக்கு அடி.

கதவு ஏன் முதலில்

கதவு ஸ்பீக்கருக்குக் கதவேதான் பெட்டி. டோர் பேடைக் கழற்றினால் அந்தப் பெட்டியின் லட்சணம் தெரிந்துவிடும். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பா போல ‘டங்’ என்று அதிர்கிறது. ஸ்பீக்கரின் கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் அந்த ஓட்டைகள் வழியே கலந்து ஒன்றையொன்று அடித்துவிடும். இதில் அதிகம் அடிபடுவது தாழ்ந்த ஒலிதான். சப் வாங்கலாமா என்று யோசிக்க வைக்கும் குறையில் ஒரு பங்கு இங்கேயே இருக்கிறது.

2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட்டை வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அலுமினிய மேல்தாளில் உள்ள கட்டம் கட்டமான புடைப்பு மறையும் வரை தேய்த்தால்தான் ஒட்டியதாக அர்த்தம். பிறகு அதே இடத்தில் தட்டிப் பாருங்கள், ‘டப்’ என்று அடங்கிவிடும். வெளித்தகடு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பலனில் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் உள்தகட்டின் ஓட்டைகளை முழுசாக மூட வேண்டும். கதவின் அடி ஓரத்தில் மழைத் தண்ணீர் வடியும் சிறு துளைகளை மட்டும் தொடவே கூடாது. அவை அடைபட்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, கதவு கீழிருந்து துருப்பிடிக்கும்.

ஷீட்டிலும் போட்டி உண்டு. விலை குறைவு என்று சில இடங்களில் தார் ஷீட்டை ஒட்டிவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் நிற்கும் வண்டியில் அது இளகும், வாடை அடிக்கும், செங்குத்தான கதவுத் தகட்டிலிருந்து நழுவவும் செய்யும். வேண்டாம். வெறும் ஃபோம் ஷீட் தகட்டின் அதிர்வை நிறுத்தாது. டோர் பேடுக்கும் தகட்டுக்கும் நடுவே வரும் ‘கிர்ர்’ சத்தத்துக்குத்தான் அது சரியான மருந்து. கனமான வினைல் தடுப்பு டயர் சத்தத்தைக் குறைக்கத் தரையில் போடுவது. பேஸுக்காக அதில் பணம் போட வேண்டாம்.

சீட்டுக்கு அடியில்

இதன் வசதியை மறுக்க முடியாது. ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, டிக்கி அப்படியே கிடக்கும். இருக்கிற ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும். கப்ளர் (சொருகி இணைக்கும் பிளக்) போட்டு இணைத்தால் கம்பெனி வயரை வெட்ட வேண்டியதில்லை, அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

அட்டையில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் நம்பாதீர்கள். சோனி எக்ஸ்.எஸ்.-ஏ.டபிள்யூ.8-ன் அட்டையில் 160 வாட் என்று இருக்கும், தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். 75 வாட்தான். ஜே.பி.எல். பேஸ்புரோ எஸ்.எல். 125 வாட் ஆர்.எம்.எஸ். இந்த வகையில் என் கை அதற்குத்தான் போகும். ஆனாலும் 8 அங்குலக் கோன், தட்டையான பெட்டி. அது தள்ளும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 80-களின் தமிழ்ப் பாட்டுகளில் ஓடும் பேஸ் கிட்டாரை இந்தச் சப் அழகாகவே எடுத்துக் கொடுக்கும். இப்போதைய பாட்டுகளில் 30 ஹெர்ட்ஸ் பக்கம் சறுக்கி இறங்கும் எலக்ட்ரானிக் பேஸ் வரும்போது கை விரித்துவிடும்.

வாங்கும் முன் சீட்டுக்கு அடியில் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். சீட்டை முழுக்க இறக்கிவிட்டு அளக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் தெருவில் தண்ணீர் ஏறும் பகுதியில் இருப்பவர்கள் இந்த வழியையே விட்டுவிடலாம். வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது அதுதான்.

சீல்டா, போர்ட்டா

உண்மையான சண்டை இங்கேதான். போர்ட் பாக்ஸில் கோனின் பின்பக்க ஒலியும் ஒரு குழாய் வழியே வெளியே வந்து சேர்கிறது. எந்த அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்திருக்கிறதோ அதன் அருகே, அதே வாட்டில் சீல்டை விடச் சத்தம் கூடுதல். இது நிஜம். அதற்குக் கீழே போனால் ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் வேகத்தில் விழும். காற்றின் பிடி இல்லாமல் கோன் கண்டபடி ஆடும், ஆம்ப்பில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இல்லையென்றால் ஸ்பீக்கரே போய்விடும். சீல்டில் விழும் வேகம் 12 டெசிபல்தான்.

வீட்டில் என்றால் போர்ட்டுக்கு ஓட்டுப் போடலாம். காருக்குள் கணக்கு மாறுகிறது. ஹேட்ச்பேக் மாதிரிச் சின்ன கேபினில், 60-70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியலையின் பாதி நீளமே கேபினைத் தாண்டிவிடுகிறது. அங்கிருந்து கீழே போகப் போக, கேபினே அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும். கணக்குப்படி அந்த ஏற்றமும் ஆக்டேவுக்கு 12 டெசிபலை ஒட்டி வருகிறது. சீல்டு இழப்பதைக் கார் திருப்பிக் கொடுக்கிறது. கண்ணாடி இறக்கியிருந்தால், ரப்பர் பீடிங் தளர்ந்திருந்தால் அந்த அளவு வராது. ஆனாலும் 20-25 லிட்டர் சீல்டு பெட்டிக்குள் இருக்கும் 10 அங்குலச் சப் காருக்குள் அவ்வளவு ஆழமாக இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

கடையில் ரெடிமேடாக அடுக்கியிருக்கும் போர்ட் பாக்ஸ்களில் பல, சத்தம் தூக்கலாகக் கேட்க வேண்டும் என்றே 40 ஹெர்ட்ஸுக்கு மேல் ட்யூன் செய்யப்பட்டவை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தும் தும்’. பறை, தவில், உருமி வரும் பாட்டை அதில் கேட்டுப் பாருங்கள். அடி விழுந்தது தெரியும், அடங்கியது தெரியாது. உருமியின் இழுப்பு அந்த மிச்ச அதிர்வில் கரைந்தே போகும். ஸ்பீக்கரின் அளவுகளுக்கு ஏற்ப 32-35 ஹெர்ட்ஸுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் நல்ல ஆள் கிடைத்தால் என் குறை பாதி தீர்ந்துவிடும். அப்போதும் 12 அங்குலத்துக்கு 50-60 லிட்டர் பெட்டி வேண்டும். பலேனோவின் டிக்கி மொத்தமே 318 லிட்டர். ஊருக்குப் போகும்போது பையை எங்கே வைப்பது?

ஆம்ப்

‘3000 வாட்’ என்று எழுதிய ஆம்ப்பைத் திருப்பி, பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால் 30-ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கி, கிளாஸ் டி வகை ஆம்ப்பிலும் கொஞ்சம் கரண்ட் வெப்பமாக வீணாகும் என்பதால் 0.8-ஆல் பெருக்குங்கள். சுமார் 330 வாட். அதற்கு மேல் அது தொடர்ந்து தர வழியே இல்லை. ஆம்ப்பின் வாட்டை அளக்கும் தரமுறையான சி.டி.ஏ.-2006-ன்படி அளந்ததாகப் போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். இன்னொன்று, வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 300-க்கும் 400-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே சேனல் உள்ள மோனோ ஆம்ப்பா, 4 சேனலா என்றால் ஹேட்ச்பேக்குக்கு 4 சேனல்தான் என் தேர்வு. இரண்டு சேனல் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு, மீதி இரண்டைப் பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாக இணைத்து) சப்புக்கு. டேம்பிங் செய்த கதவுக்கு நல்ல வாட் கிடைக்கும்போதுதான் அந்தச் செலவு முழுசாகப் பலன் தரும். ஒரு கண்ணி மட்டும் உண்டு. பெரும்பாலான 4 சேனல் ஆம்ப்கள் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. இரட்டை 4 ஓம் காயில் உள்ள சப்பை 2 ஓமாகவோ 8 ஓமாகவோதான் இணைக்க முடியும், 4 ஓம் வராது. ஒற்றை 4 ஓம் அல்லது இரட்டை 2 ஓம் காயில் கேட்டு வாங்குங்கள்.

வயர் செம்பாக இருக்கட்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் அதே தடிமனில் அவ்வளவு கரண்ட் கடத்தாது. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் மெயின் பியூஸ் இருந்தே ஆக வேண்டும். எங்காவது வயர் உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

ஆம்ப்பில் உள்ள கெயின் திருகு, வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பை அமைக்கத்தான்; அது வால்யூம் பட்டன் அல்ல. பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, ஆம்ப்பின் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைக்க வேண்டும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்ட் கிடைக்கும். 4 ஓமில் 300 வாட் என்றால் சுமார் 34.6 வோல்ட். ஐந்து நிமிட வேலை. காதால் கேட்டே செட் பண்ணிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால், மல்டிமீட்டரை எடுத்து உங்கள் முன்னாலேயே செட் பண்ணச் சொல்லுங்கள், பணத்தை அப்புறம் கொடுக்கலாம்.