வேரா, தண்டா? குறுக்குவெட்டே சொல்லிவிடும்

இருவித்திலைத் தாவரத்தின் இளவேரையும் இளந்தண்டையும் மெல்லியதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், முதலில் நீரைக் கடத்தும் சைலத்தைத் தேடுங்கள். தண்டில் சைலமும், உணவைக் கடத்தும் புளோயமும் ஒரே கற்றையில் சேர்ந்திருக்கும். கற்றைகள் வளையமாக நிற்கும். வேரில் இரண்டும் தனித்தனியாக, மாறி மாறி வரும்.

இன்னும் சந்தேகமா? முதலில் உருவாகும் குறுகலான புரோட்டோசைலக் குழாய்கள் வேரில் வெளிப்பக்கம், தண்டில் மையத்தை நோக்கி இருக்கும். தேர்வில் நான் நம்புவது இதைத்தான். முற்றிய வேர் என்றால் இரண்டாம்நிலை வளர்ச்சி, அதாவது பருத்தல், கொஞ்சம் குழப்பும்.

புறத்தோலுக்கு உள்ளே இருக்கும் புறணியின் கடைசி அடுக்கான அகத்தோலில்தான் சுவாரசியம். வேரில் காஸ்பேரியன் பட்டை என்ற நீர்புகாத வளையம் செல்சுவர் வழியை அடைத்துவிடுவதால், நீரும் உப்பும் செல்சவ்வைக் கடந்தே உள்ளே போகவேண்டும். தண்டில் அந்த அடுக்கில் பெரும்பாலும் ஸ்டார்ச் மணிகள்தான்.

சரி, கிளைப்பது? தண்டின் கிளை மேற்பரப்பு மொட்டிலிருந்து வரும். பக்கவேரோ அகத்தோலுக்கு உள்ளே இருக்கும் பெரிசைக்கிள் அடுக்கில் பிறந்து, புறணியைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.