பெட்டியோடு கரை ஏற்றுவதா, பிரித்து வானில் தூக்குவதா?

துறைமுகமே இல்லாத கரையில் ராணுவச் சரக்கு இறங்க வேண்டும். ராமநாதபுரம் கடற்கரையை மனதில் வைத்துப் பார்ப்போம். வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைவு; பெரிய கப்பல் தள்ளித்தான் நிற்கும். தெற்கே மன்னார் வளைகுடா, பவளப்பாறையும் தீவுகளும். வாடைக் காற்றில் ஒரு பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானில் மறுபக்கம்.

முதல் வழி, 20 அடி கன்டெய்னரை அப்படியே தரையிறங்கு படகில் கொண்டு வருவது. சரக்கு நனையாது, களவு போகாது. ஆனால் நிறைந்த பெட்டி 20 டன்னைத் தாண்டும். அதைத் தூக்கும் வண்டி இன்னும் கனம். நம்மூர் மணலில் இரும்புத் தகடு விரிக்காமல் நகராது. 1991 வளைகுடாப் போரில் இன்னொரு தலைவலி: அமெரிக்கர்கள் இறக்கிய சுமார் 40,000 பெட்டிகளில் பாதிக்கு மேல், உள்ளே என்ன என்று தெரியாமல் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, கப்பலிலேயே பிரித்து ஹெலிகாப்டரில் அனுப்புவது. அலையும் மணலும் தடையில்லை, படை நிற்கும் இடத்திலேயே இறக்கலாம். சினூக் என்ற பெரிய ஹெலிகாப்டர் ஒரு நடைக்குச் சுமார் 10 டன் தூக்கும். எரிபொருள் செலவோ பயங்கரம். கப்பலோடு ஹெலிகாப்டரும் போகலாம்: பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில் அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தாக்கப்பட்டு அதிலிருந்த மூன்று சினூக்குகள் அழிந்தன. அதனால் பிரிட்டிஷ் வீரர்கள் மூட்டை சுமந்து நடந்தார்கள்.

என் ஓட்டு படகுக்கே. தண்ணீரும் டீசலும் குண்டும் வானில் கட்டுப்படியாகாது. மருந்து, அவசர உதிரிபாகம் என்றால் சரி, ஹெலிகாப்டர். ஆனால் எந்தப் பெட்டியில் என்ன என்று வெளியே எழுதி ஒட்டுங்கள், ஐயா.