காலாங்கில் ஒரு வலிமைச் சோதனை: 180 வெள்ளிக்கு என்ன கிடைத்தது?

அமெரிக்கக் காற்பந்தில் லைன்மேனாக, அதாவது எதிரணியோடு நேருக்கு நேர் மோதும் முன்வரிசை ஆட்டக்காரராக, ஆடுபவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது என்ற விளம்பரத்தை நம்பி, சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சென்ற மாதம் 180 வெள்ளி கட்டி இரண்டு மணி நேர வலிமைச் சோதனைக்குச் சென்றிருந்தேன். வார இறுதிகளில் நண்பர்களோடு திடலில் முட்டி மோதுபவன் என்பதால், என் உடல் எங்கே பின்தங்குகிறது என்று அறியும் ஆவல்.

முதல் ஒரு மணி நேரம், பலகையில் மல்லாந்து படுத்து எடை பூட்டிய தண்டை மார்பிலிருந்து மேலே தூக்கும் பெஞ்ச் பிரஸுக்கே போயிற்று. அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், புதிய ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் தேர்வு முகாமில் செய்வதைப் போலவே 225 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 102 கிலோ எடையைக் கை ஓயும்வரை தூக்க வேண்டும். நான் நான்கோடு ஓய்ந்தேன். அந்தக் கோபத்தில் எழுதுகிறேன் என்று என் மனைவி சொல்வார், இருக்கட்டும். பலகையில் படுத்துத் தூக்கும் வலிமையும், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருந்து, பந்து நகர்ந்த கணத்தில் காலாலும் இடுப்பாலும் தரையை உந்தி எதிராளியை நெட்டித் தள்ளும் வலிமையும் தூரத்துச் சொந்தங்களே. ஓயும்வரை தூக்குவது தாக்குப்பிடிக்கும் திறனையும் சேர்த்து அளக்கிறது. லைன்மேனின் ஒவ்வொரு மோதலோ சில விநாடிகளில் முடிந்துவிடும். கை நீண்டவருக்குத் தண்டு கடக்கும் தொலைவு கூடுவதால் எண்ணிக்கை குறையும். திடலில் எதிராளியை எட்டவே நிறுத்துவது அதே நீண்ட கைதான்.

1999இல் அம்முகாமில் 51 முறை தூக்கிய ஜஸ்டின் எர்னஸ்ட், என்எஃப்எல் பருவ ஆட்டம் ஒன்றில்கூட ஆடியதில்லை. 2018இல் 14 முறையோடு நின்று, 40 கெஜம் ஓட 5.85 விநாடி எடுத்துக்கொண்ட ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர், பின்னர் கன்சாஸ் சிட்டி அணியின் தாக்குதல் வரிசையில் ஆடி, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார். இருவரை வைத்து விதி எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் நான் இதைச் சொன்னபோது, பயிற்றுநர் பதிலேதும் தராமல் சிரித்துக்கொண்டே தண்டைத் துடைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டிய பணத்துக்கு ஈடு கொடுத்தது இரண்டாம் மணி நேரமே. விசையை அளக்கும் தட்டின் மீது நின்று, தொடை உயரத்தில் அசையாமல் பூட்டப்பட்ட தண்டை இழுக்கச் சொன்னார்கள். பிறகு அதே தட்டிலிருந்து எகிறிக் குதிக்கச் சொன்னார்கள். எவ்வளவு விசை என்பதோடு, அது எத்தனை விரைவாக எழுகிறது என்பதும் கோடாகத் திரையில் விரிந்தது. என் வலக்காலைவிட இடக்கால் மெதுவாக உந்துகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். இடப்பக்கம் நகரும்போது நான் ஏன் எப்போதும் பிந்துகிறேன் என்பதற்கு ஒரு துப்பு கிடைத்தது.

அப்படியிருந்தும் இறுதி அறிக்கையில் பாதி மதிப்பெண் பெஞ்ச் பிரஸுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்த முறை தட்டுச் சோதனைக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று எழுதிக் கேட்டேன்; இரண்டையும் சேர்த்துத்தான் தருவோம் என்று பதில் வந்தது.