டிராக் கார் டிரைவ்ஷாஃப்ட்: குரோமோலியா, அலுமினியமா?

கால் மைல் நேர்ப்பாதையில் டிராக் ரேஸ் ஓட்டும் என் 1972 செவி நோவாவுக்குப் புது டிரைவ்ஷாஃப்ட் தேவைப்பட்டது, அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் குழாய். கடைசியில் போட்டி இரண்டுக்கும் நடுவில்தான்: குரோமோலி 4130 ஸ்டீல் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான எஃகு), வெப்பத்தால் பதமேற்றிய 6061-டி6 அலுமினியம். நான் எடுத்தது 3.5 இன்ச் குரோமோலி. இன்றைக்கு மறுபடி வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன்.

முதலில் கார் விவரம், ஏனென்றால் அது இல்லாமல் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இல்லை. டிஹெச்400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டிரான்ஸ்பிரேக் (கிளம்பும்வரை கியர்பாக்ஸைப் பூட்டி வைத்து, விட்டதும் ஒரே அடியில் விசையைத் தரும் அமைப்பு), ஃபோர்டு 9 இன்ச் பின் ஆக்சில், 4.11 கியர் (ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), 28 இன்ச் ஸ்லிக்ஸ் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்). ஆளோடு சேர்த்து 3,200 பவுண்டு. கால் மைல் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு சுமார் 135 மைல்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கால் மைலை 12, 13 வினாடியில் ஓடும் காருக்குச் சாதாரண மைல்ட் ஸ்டீல் போதும், காசும் மிச்சம். ஷாஃப்டின் முனைகளில் வளைந்துகொடுக்கும் இணைப்பான யு-ஜாயின்ட் 1350 அளவாக இருக்கட்டும். அதன் பேரிங் கப் விட்டம் 1.188 இன்ச், 1310-க்கு 1.062 தான். கிரீஸ் துளை இல்லாத ரகமே உறுதி. ஷாஃப்ட் அறுந்தாலும் கீழே விழாமல் பிடிக்கும் வளையமான டிரைவ்ஷாஃப்ட் லூப் கட்டாயம் போடுங்கள். ஸ்லிக்ஸ் போட்டு 13.99 வினாடிக்குள் ஓடும் காருக்கு என்ஹெச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதியே அதுதான். முன் யு-ஜாயின்ட்டிலிருந்து 6 இன்ச்சுக்குள் லூப் இருக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். ஷாஃப்ட் என்றதும் எல்லாரும் டார்க்கைத்தான் (முறுக்கு விசையை) கேட்கிறார்கள். ஆனால் ஷாஃப்டுக்கு வரும் டார்க்குக்கு டயரின் பிடிதான் எல்லை. பிடி விட்டால் சக்கரம் சுற்றிவிடும். என் கார் 1.5 ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பைப்போல் ஒன்றரை மடங்கு) கிளம்பினாலும் 4.11 கியரால் வகுத்தால் ஷாஃப்டில் ஏறுவது சுமார் 1,400 பவுண்டு-அடி. 3.5 இன்ச் விட்டமும் 0.083 இன்ச் சுவரும் உள்ள குழாயில் அது 11,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு) அளவுக்குத்தான் அழுத்தம் தரும். நல்ல மைல்ட் ஸ்டீல் குழாயே அதைப்போல் மூன்று மடங்கு தாங்கும். டிரான்ஸ்பிரேக்கை விடும் அந்த நொடியின் அதிர்ச்சி தனி. அதற்காகத்தான் எனக்குக் குரோமோலி.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது சுழற்சி வேகம். நீளமான குழாய் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும், சிறுவர்கள் சுற்றும் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டு சுழலும். அதுதான் கிரிட்டிகல் ஸ்பீட். அங்கே போன ஷாஃப்ட் வளைந்து டனலை (காரின் தரையில் ஷாஃப்ட் போகும் குகை போன்ற இடம்) அடிக்கும், பிறகு அறுந்து வரும். ஓடும்போது ஷாஃப்ட் எத்தனை வேகத்தில் சுழல்கிறது என்ற கணக்கு எளிது: மைல் வேகம் × கியர் × 336, அதை டயர் உயரத்தால் வகுக்க வேண்டும். எனக்கு 135 × 4.11 × 336 ÷ 28, அதாவது சுமார் 6,660 ஆர்பிஎம்.

இப்போது எதிர்ப்பக்கம், அதாவது ஷாஃப்ட் எதுவரை தாங்கும் என்பது. என் ஷாஃப்ட் யு-ஜாயின்ட் மையத்திலிருந்து மையத்துக்கு 52 இன்ச். அந்த நீளத்தில் 3 இன்ச் ஸ்டீல் குழாயின் கிரிட்டிகல் ஸ்பீட் ஏட்டுக் கணக்கில் சுமார் 7,100, 3.5 இன்ச்சில் சுமார் 8,400. ஏட்டுக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. முனைகளில் ஆட்டமும் பேலன்ஸ் குறையும் இருக்கும், ஆகவே 20 சதவீதம் கழித்துக்கொள்வேன். கழித்தால் 3 இன்ச் தோற்றது, 3.5 இன்ச் மயிரிழையில் தேறியது. நீளம் கூடக்கூட இந்த எண் நீளத்தின் வர்க்கத்தில் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அலுமினியம் போட்டால் இது ஏறுமா? ஏறாது. அதன் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு, எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அதே விட்டத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே கிரிட்டிகல் ஸ்பீட். குரோமோலிக்கும் மைல்ட் ஸ்டீலுக்கும்கூட இதில் வித்தியாசம் கிடையாது. விட்டத்தைக் கூட்டினால்தான் வேலை நடக்கும். 4 இன்ச் அலுமினியம் என் நீளத்தில் 9,500 வரை போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது என் டனலில் அதற்கு இடம் இல்லை. லூப் வேறு இடத்தை அடைக்கிறது.

சரி, எடை குறையுமே என்பார்கள். குழாயை மட்டும் பார்த்தால் ஸ்டீல் 6 கிலோ, 0.125 இன்ச் சுவர் அலுமினியம் 3 கிலோ. அந்த 3 கிலோவும் சுழல் அச்சுக்கு இரண்டே இன்ச்சுக்குள் இருக்கிறது. பின் சக்கரங்களில் அதே எடையைக் குறைத்தால் கிடைக்கும் பலனில் இது சிறு பங்குதான்.

அப்புறம் வெல்டிங். 6061-டி6-ஐ வெல்ட் செய்தால் அந்த ஓரத்தில் பதம் இறங்கி, வலு நன்றாகவே குறையும். நல்ல தயாரிப்பாளர்கள் சுவரைத் தடிமனாக்கிச் சமாளிக்கிறார்கள், உண்மை. ஆனால் மறுபடி மறுபடி அதிர்ச்சி வாங்கும் இடத்தில் அலுமினியம் ஒவ்வொரு அடியையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். அளவோடு சுமை ஏறும்வரை ஸ்டீல் அப்படிச் செய்யாது. நான் குழாயில் யோக்கிலிருந்து யோக் வரை (யோக் என்பது முனையில் யு-ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) மார்க்கரில் ஒரு நேர்க்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டி முடித்ததும் ஜாக்கில் ஏற்றி, துடைத்துப் பார்ப்பேன். கோடு திருகியிருந்தால் குழாய் முறுக்கிவிட்டது என்று அர்த்தம். இதுவரை நேராகத்தான் இருக்கிறது. திருகினாலும் யோக்கை வைத்துக்கொண்டு புதுக்குழாய் போட்டுத் தர ஊரிலேயே கடை உண்டு.

டனல் அகலமாக, ஷாஃப்ட் நீளமாக இருக்கும் பிக்கப் டிரக் என்றால் நானே 4 இன்ச் அலுமினியத்தைத்தான் சொல்வேன். கார்பன் ஃபைபரை நான் ஓட்டியதில்லை, பிறர் கார்களில் பார்த்ததோடு சரி. எடைக்கு விறைப்பு அதிகம் என்பதால் கிரிட்டிகல் ஸ்பீட் விஷயத்தில் அது இரண்டையும் தாண்டும். உடைந்தாலும் நார் நாராகப் பிரிவதால் கீழே சேதம் குறைவு. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எக்ஸாஸ்ட் சூடும் கல்லடியும் பல சீசனில் அதன் பசை ஒட்டுகளை என்ன செய்யும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

ஆர்டர் கொடுக்கும்போது குதிரைத்திறனோடு நிறுத்திவிடாதீர்கள். டயர் உயரம், கியர், முடிவு வேகம், எடை, டிரான்ஸ்பிரேக் உண்டா என்பது எல்லாம் சொல்லுங்கள். நீளத்தை, கார் நான்கு சக்கரத்திலும் தன் எடையோடு நிற்கும்போது, ஸ்லிப் யோக்கை (கியர்பாக்ஸுக்குள் முன்னும் பின்னும் நகரும் முன்முனை) முழுக்க உள்ளே தள்ளி ஒரு இன்ச் வெளியே இழுத்துவிட்டு அளந்து கொடுங்கள்.